இன்னொருவனின் சர்வீஸ்

இந்திய ஆண்கள் டேபிள் டென்னிஸ் அணியில் நீ இருந்தாயா என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். இல்லை என்று சொன்னால் பொய். ஆமாம் என்று சொன்னால் அதைவிடப் பெரிய பொய். அணியின் பயிற்சி முகாமில் நான் இருந்தேன். எதிரணி ஆட்டக்காரனாக இருந்தேன்.

இதைச் சொன்னதும் முக்கால்வாசிப் பேர் சிரிப்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நாடுகளின் ஆண்கள் அணிகள் மோதும் உலகப் போட்டி வருகிறது. எங்கள் பிரிவில் ஓர் ஐரோப்பிய நாடு. அந்த அணியில் ஓர் இடக்கைக்காரன். நம் ஆட்கள் அவனைச் சந்தித்த போதெல்லாம் மூக்கறுபட்டுத் திரும்பியிருந்தார்கள். அவனை ஜெயிக்க வேண்டுமானால் அவனைப் போல ஆடுகிற ஒருவனோடு தினமும் ஆடிப் பழக வேண்டும். அவனே வந்து நமக்குப் பயிற்சி கொடுக்க மாட்டான். ஆகவே அவனைப் போல ஆட ஓர் இடக்கைக்காரனைத் தயார் செய்வார்கள். எல்லா நாடுகளிலும் இப்படி ஆட்கள் உண்டு. அவர்கள் பெயர் எந்தப் பேப்பரிலும் வராது.

தேனாம்பேட்டையில், விளையாட்டு ஒதுக்கீட்டில் எனக்குக் கிடைத்த அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது கோச் போன் செய்தார். சிந்தாதிரிப்பேட்டைக்காரர். அரங்கத்தின் இந்தக் கோடியில் நின்று பேசினால் அந்தக் கோடியில் ஆடுகிறவனின் கை நடுங்கும், அப்படி ஒரு குரல்.

"இன்னா நைனா, எப்டி கீற? உனக்கு ஒரு வேல கீது."

"ஆடுறதுக்கா கோச்?"

"ஆடுறதுக்குத்தான். ஆனா நீ உன்ன மாதிரி ஆடக் கூடாது. அவன மாதிரி ஆடணும்."

அவரே குரலைக் கொஞ்சம் இறக்கினார்.

"டீம்ல அஞ்சாவது எடம் இன்னும் காலியாத்தான் கீது. கடைசி ட்ரயல்ல ஜெயிச்சன்னு வையி, நீயும் ஃபிளைட் ஏறலாம். முகாம்ல இருந்தாத்தானே ட்ரயல் ஆட முடியும்? யோசிச்சிக்கோ."

யோசிக்க என்ன இருக்கிறது? எனக்கு முப்பத்திரண்டு வயது. இந்த ஆட்டத்தில் அது தாத்தா வயது. எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு மேட்ச். முதுகில் நாட்டின் பெயரோடு, நடுவர் என் பெயரைச் சொல்லி அழைக்க, ஒரே ஒரு மேட்ச். ஜெயிக்கக்கூட வேண்டாம். சின்ன வயதிலிருந்து வேறு எதையும் நான் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. மறுநாளே அலுவலகத்தில் சிறப்பு விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு முகாம் நடந்த அடையாறு உள்ளரங்கத்துக்குப் போய் நின்றேன்.

இங்கே என் சொந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் ஆடக் கற்றது சாந்தோமில், எங்கள் வட்டாரத்துக் கத்தோலிக்கருக்கான பங்குக் கோவிலின் ஹாலில். கல்யாண வரவேற்பு, மாதர் சங்கக் கூட்டம், ஞாயிறு மறைக்கல்வி எல்லாம் அந்த ஒரு ஹாலில்தான். அதனால் மேசைக்குப் பின்னால் எப்போதும் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கி இருக்கும். ஓர் எட்டுப் பின்னால் வைத்தால் முழங்கை நாற்காலியில் இடிக்கும். ஆகவே எங்கள் ஹாலில் யாரும் பின்னால் போவதில்லை. மேசையை ஒட்டி நின்று, பந்து எழும்பும்போதே தட்டிவிடுவோம். மாவட்டப் போட்டிகளில் எங்களைப் பார்த்ததும், "நாற்காலி ஹால் ஆளுங்க வந்துட்டாங்க" என்பார்கள். கேலிதான். ஆனால் அந்தத் தட்டலுக்குப் பதில் தெரியாமல் பெரிய பெரிய கிளப்காரர்கள் முழித்திருக்கிறார்கள். மாநில அணிக்கு என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தத் தட்டல்தான்.

அந்த ஐரோப்பியனும் என்னைப் போல இடக்கைதான், ஆனால் ஆட்டம் எனக்கு நேர் எதிர். மேசையை விட்டு இரண்டு மூன்று எட்டுப் பின்னால் போய், உடம்பை முறுக்கி, கீழிருந்து மேலே பந்தைச் சுழற்றி அடிப்பவன். சர்வீஸ் போடும்போது பந்தை விளக்கு உயரத்துக்கு எறிவான். அது இறங்கி வருவதற்குள் எதிரே நிற்பவன் பாதி செத்துவிடுவான். இதெல்லாம் போகச் சில சேட்டைகள் வேறு. சர்வீஸுக்கு முன் வலைக்குப் பக்கத்தில் மேசை மேல் உள்ளங்கையைத் துடைப்பான். அப்புறம் அந்தக் கையில் ஊதுவான். சட்டையின் வலது தோளைக் கொஞ்சம் மேலே இழுத்துவிடுவான்.

"இதெல்லாம் எதுக்கு கோச்? ஆட்டம் வந்தா பத்தாதா?" என்று கேட்டேன்.

"அவன் ஊதுறதும் வேணும்பா. அந்த கேப்புலதான் நம்ம பசங்களுக்கு டென்ஷன் ஏறுது. நீ ஊது."

ஊதினேன். அவனுடையதைப் போன்ற பேட், அவன் ஒட்டுகிற அதே ரப்பர். போனில் அவன் ஆடிய வீடியோக்கள். மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட மயிலாப்பூர் சாலைகளில் பஸ் ஆமை போல ஊர்ந்ததில் ஒரு நன்மை, ஒரு சர்வீஸைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்க்க நேரம் கிடைத்தது. மணிக்கட்டு எங்கே திரும்புகிறது, பார்வை எங்கே இருக்கிறது, தோற்ற பாயிண்டுக்குப் பின் எந்தப் பக்கம் நடக்கிறான் என்று எல்லாம் பார்த்தேன். அவன் மனைவிகூட அவனை இவ்வளவு கவனித்திருக்க மாட்டாள்.

ஒரு கட்டத்தில் அவன் ஆட்டம் எனக்கு வந்துவிட்டது. எங்கள் அணியின் முதல் ஆட்டக்காரர், தி. நகர்க்காரர், ரொம்ப மரியாதையான மனுஷர். ஒரு நாள் என் சர்வீஸை எடுக்க முடியாமல் பேட்டை மேசையில் வைத்துவிட்டு, "சார், கண்ண மூடுனா அவனேதான். பயமா இருக்கு" என்றார். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் லஸ் முனையில் இறங்கி ஒரு கிலோ ஸ்வீட் வாங்கிக்கொண்டு போனேன். என்னை அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் யாரும் அதுவரை பாராட்டியதில்லை. அது எனக்கான பாராட்டு இல்லை என்று அப்போது தோன்றவே இல்லை.

முதலில் எல்லோரும் என்னிடம் தோற்றார்கள். பிறகு மெதுவாக வழி கண்டுபிடித்தார்கள். அந்த உயர சர்வீஸை வலையை ஒட்டிக் குட்டையாகத் திருப்பு, அவன் பின்னால் போனதும் ஆளைப் பார்த்தே அடி, அகலமாக அடிக்காதே. கோச் பின்னாலிருந்து கத்துவார், அவர்கள் செய்வார்கள், நான் தோற்பேன். நான் தோற்கத் தோற்க அரங்கத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். கோச் என் முதுகில் தட்டி, "சூப்பர்பா, நல்லா தோக்குற" என்பார். அவர் சத்தியமாகப் பாராட்டாகத்தான் சொன்னார்.

வீட்டில் நிலைமை வேறு. என் மனைவி மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். குழந்தைகள் காப்பியடித்தால் ஒரு பார்வையில் கண்டுபிடிப்பவள். சாப்பிட உட்கார்ந்ததும் டைனிங் டேபிள் விளிம்பில் நான் உள்ளங்கையைத் துடைப்பதை இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் கேட்டாள்.

"ஏங்க, கை கழுவிட்டுத்தானே வந்தீங்க? அப்புறம் ஏன் டேபிள்ல துடைக்கிறீங்க?"

"பழக்கமாயிடுச்சு."

"யார் பழக்கம்?"

தண்ணீர் டம்ளரை எடுத்தேன். அவள் விடவில்லை. "கல்யாணத்தப்போ சாந்தோம் பையன்னு சொல்லித்தான் கட்டி வெச்சாங்க. இப்போ யாரோ ஒரு வெள்ளக்காரன்கூட குடித்தனம் நடத்துற மாதிரி இருக்கு."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சோறு போட்டுக்கொண்டே, "ட்ரயல்ல யாரா ஆடப் போறீங்க?" என்று கேட்டாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உனக்கு ஆட்டத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கத்தினேன். தட்டை நகர்த்திவிட்டு எழுந்தேன். பந்து எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதுகூட அவளுக்குத் தெரியாது. ஆனால் முகாமில் இருந்த யாருக்கும் தோன்றாத கேள்வி அவளுக்குத் தோன்றியது.

அம்மா வேறு ஒரு காரியம் செய்தார். எனக்குத் தெரியாமல் ட்ரயலுக்கு முந்தைய ஞாயிறு பூசைக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டார். எங்கள் கோவிலில் பூசை தொடங்கும்போது அன்றைய வேண்டுதல்களை ஃபாதர் மைக்கில் வாசிப்பார். இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றி, பிறந்தநாள் நன்றி, அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிய என்று போய்க்கொண்டிருந்த வரிசையில் திடீரென்று, "நம் பங்கின் மகன் இந்திய அணிக்குத் தேர்வு பெற வேண்டி" என்று என் பெயர். மொத்தக் கோவிலும் திரும்பிப் பார்த்தது. எனக்குக் காதெல்லாம் சூடானது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு தீவிரமாக ஜெபித்துக்கொண்டிருந்தார், ஒன்றும் தெரியாதவர் மாதிரி.

ட்ரயலில் எனக்கு எதிரே நின்றவன் அசோக் நகர்க்காரன், கல்லூரி மாணவன். நல்ல பையன். முகாமில் தினமும் என்னோடு ஆடியவன்தான். அவனை என் பழைய ஆட்டத்தால் ஜெயித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். மேசையை ஒட்டி நிற்க வேண்டும், எழும்பும்போதே தட்ட வேண்டும், அவன் இந்த ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை. பழைய பேட்டைக்கூட எடுத்து வைத்திருந்தேன்.

முதல் கேமில் அப்படியே ஆடினேன், ஜெயித்தேன். அவன் முகத்தில் குழப்பம். இரண்டாவது கேமில் இரண்டு தட்டல் வெளியே போனது. அவ்வளவுதான், பயந்துவிட்டேன். பயம் வந்தால் உடம்பு தனக்கு நன்றாகத் தெரிந்த இடத்துக்கு ஓடும். என் உடம்புக்கு நன்றாகத் தெரிந்த இடம் இப்போது மேசைக்கு மூன்று எட்டுப் பின்னால் இருந்தது. முன்னால் வா, முன்னால் வா என்று எனக்குள்ளேயே கத்திக்கொண்டேன். கால் கேட்கவில்லை. மேசையில் கையைத் துடைத்தேன். ஊதினேன். தோளை இழுத்துவிட்டுக்கொண்டேன். பந்தை விளக்கு உயரத்துக்கு எறிந்தேன். அது இறங்கி வரும்போது அந்தப் பையன் முகத்தைப் பார்த்தேன். குழப்பம் போயிருந்தது. வலையை ஒட்டிக் குட்டையாகத் திருப்பினான். நான் ஓடிப்போய் எடுத்துவிட்டுப் பின்னால் போனதும் என்னைப் பார்த்தே அடித்தான். அகலமாக அடிக்கவே இல்லை. கோச் கற்றுக்கொடுத்ததை ஒரு வரி விடாமல் செய்தான். இத்தனை நாளும் அவன் என்னை வைத்துத்தான் அதைப் படித்திருந்தான்.

முடிந்ததும் கை குலுக்கினோம். "அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க டெய்லி ஆடுற மாதிரியே ஆடுனீங்களா, எனக்கு எல்லாமே தெரிஞ்சிருச்சு. ரொம்ப தேங்க்ஸ்ணா" என்றான். நக்கல் இல்லை. கண்ணில் தண்ணீர்கூட இருந்தது அவனுக்கு. அவனை அறையலாம் போலிருந்தது.

கோச் வந்து, அப்படி இப்படி என்று பூசி மெழுகினார். அடுத்த தடவை பார்த்துக்கலாம், வயசு ஒரு மேட்டரே இல்லை, என்னென்னவோ. கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"நைனா, ஒண்ணு கேப்பேன். டீம் கெளம்புற வரைக்கும் நீ வரணும். அவன மாதிரி ஆட உன்ன விட்டா ஆளு இல்ல."

போயிருக்கக் கூடாது. போனேன். நான் தேர்வாகாத அணிக்காக, தேர்வான ஐந்து பேருக்கும், அந்தப் பையன் உட்பட, தினமும் நன்றாகத் தோற்றுக் கொடுத்தேன். அணி விமானம் ஏறிய அன்று எனக்கும் ஒரு டி-ஷர்ட் கொடுத்தார்கள். முதுகில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

அந்த நாட்டோடு நமக்கு மேட்ச் மத்தியானத்தில் இருந்தது. நான் அலுவலகத்துக்குப் போகவில்லை. மனைவிக்குப் பள்ளி விடுமுறை. அம்மா, அவள், நான் மூவரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். ஓர் அணியில் ஐந்து பேர் போனாலும் ஒரு மோதலில் மூன்று பேர்தான் இறங்குவார்கள். எதிரணியின் மூன்று பெயர்களும் திரையில் வந்தன. நான் ஒரு தரம் படித்தேன். இன்னொரு தரம் படித்தேன். அந்த இடக்கைக்காரன் பெயர் இல்லை.

தோள் வலியாம், அதனால் ஓய்வு கொடுத்திருக்கிறார்களாம். வர்ணனையாளர் அதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். ஒரே ஒரு வாக்கியம். நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். அவன் இடத்தில் இறங்கியவன் வலக்கைக்காரன், மேசையை ஒட்டி நின்று எழும்பும்போதே தட்டுகிறவன். நம் முதல் ஆட்டக்காரருக்கு அந்தத் தட்டல் பிடிபடவே இல்லை. திணறினார். எனக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது, அழுகை மாதிரி. அந்த ஆட்டத்தை எனக்கு ஆடத் தெரிந்திருந்தது. யாரும் கேட்கவில்லை. நம் அணி தோற்றது. அசோக் நகர்ப் பையனும் இறங்கவில்லை, ஓரத்தில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தான்.

நடுவில் ஒரு முறை கேமரா எதிரணியின் பெஞ்சைக் காட்டியது. அவன் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சும்மா இருந்தவன் திடீரென்று உள்ளங்கையில் ஊதினான். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாருடா அது?" என்றார் அம்மா.

"அவன்தான்மா."

"உன்ன மாதிரியே பண்றானே!"

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் கோவில் ஹாலுக்குப் போனேன். பழைய ஆட்கள் இரண்டு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள், சேர்த்துக்கொண்டார்கள். முதல் பந்துக்கே பின்னால் போனேன். முழங்கை நாற்காலி அடுக்கில் இடித்து மேலிருந்து இரண்டு கீழே விழுந்தன. ஹாலே சிரித்தது. நான் நாற்காலிகளை எடுத்து அடுக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். என் ஆட்டம் திரும்பி வரும் என்று கொஞ்ச நாள் காத்திருந்தேன். வரவில்லை. இருந்த ஒரே பிடி அடுத்த முகாம். அந்த நாடு திரும்பவும் நம் பிரிவில் வரும், அவன் இறங்குவான், என்னைக் கூப்பிடுவார்கள், மறுபடி ஒரு ட்ரயல் கேட்கலாம். இந்த வயதில் அது நடக்காது என்று தெரிந்தும் அதையே பிடித்துக்கொண்டிருந்தேன்.

கோச் கூப்பிட்டது ஒரு சனிக்கிழமை காலை.

"நைனா, நியூஸ் பாத்தியா? அவன் ரிட்டையர் ஆயிட்டானாம்பா. தோளு போச்சாம்."

"யாரு?" என்றேன். யாரென்று தெரியும்.

"அதாம்பா, உன் ஆளு. சரி, இனிமே அந்த ஸ்டைலுக்கு ஆள் தேவைப்படாது. நீ லீவு கீவு போட்டு வெக்காத. சொல்லிடலாம்னுதான் போன் அடிச்சேன். வீட்ல எல்லாம் நல்லாக் கீறாங்களா?"

எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்று சொன்னேன். போனை வைத்தார். அடுத்த முகாமில் என் இடம் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? எனக்குத் தண்ணீர் தெளித்து விட்டாயிற்று. என் தோள் நன்றாகத்தான் இருந்தது.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "யாருடா போன்ல?"

"ஒருத்தர் ரிட்டையர் ஆயிட்டாராம்மா. ஆட்டத்துலருந்து."

"தெரிஞ்சவரா?"

"ரொம்ப."

"வயசு?"

"என் வயசுதான்."

"அய்யோ பாவம், இந்த வயசுலயா? இனிமே என்ன பண்ணுவாரு?" கையில் இருந்த கீரையைக் கீழே வைத்தார். "பேர் சொல்லு, நாளைக்குப் பூசைக்குக் குடுத்துடறேன்."

சொன்னேன். அவர் வாயில் நுழையவில்லை. இரண்டு தரம் முயன்று பார்த்துவிட்டு, "ஆண்டவருக்குத் தெரியும், விடு" என்றார்.

மறுநாள் பூசை தொடங்கியது. இறந்தவர்கள், பிறந்தநாள்கள், ஒரு வெளிநாட்டுப் பயணம். பிறகு ஃபாதர் வாசித்தார்: "டேபிள் டென்னிஸ் விளையாட்டிலிருந்து ஓய்வு பெறும் சகோதரருக்காக, அவர் வருங்கால வாழ்வுக்காக." முன்வரிசையிலிருந்து ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. எங்கள் பங்கில் டேபிள் டென்னிஸ் என்றால் ஒரே ஓர் ஆள்தான். அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. என் பக்கம் சாய்ந்து, "டேய், நான் அந்த வெள்ளக்காரருக்குத்தானே குடுத்தேன். ஃபாதர்கிட்ட போய்ச் சொல்லிடட்டுமா?" என்றார்.

"வேணாம்மா. விடு."

பூசை முடிந்து ஹாலுக்கு வந்தோம். மாதத்தில் ஒரு ஞாயிறு மாதர் சங்கத்துப் பெண்கள் அங்கே காலை டிபன் போடுவார்கள். வலையைக் கழற்றிவிட்டு, டேபிள் டென்னிஸ் மேசை மேல்தான் இட்லிக் குண்டானும் சாம்பார் வாளியும். வரிசையில் நின்ற என்னிடம் ஒவ்வொருவராக வந்தார்கள். கை குலுக்கினார்கள். சிலர் கட்டிப்பிடித்தார்கள். ஹாலில் என்னோடு ஆடியவன் ஒருவன் அழுதேவிட்டான். நான் யாரிடமும் எதையும் திருத்தவில்லை. எனக்கு முன்னால் நின்றிருந்த மாமா, பக்கத்துத் தெருக்காரர், காது நன்றாகவே கேட்கும் மனுஷர், திரும்பிக் கேட்டார்.

"இந்தியாவுக்கு மொத்தம் எத்தினி மேட்ச்பா ஆடுன?"

"ஒண்ணுகூட இல்ல மாமா."

அவர் தன் தட்டை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு தோளில் கை வைத்து, "போதும்பா. நெறைய ஆடிட்ட" என்றார்.

வரிசை நகர்ந்தது. தட்டை நீட்டினேன். வலை இருக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் என் உள்ளங்கை மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. இட்லி வைத்த பெண், "ஈரமா இருக்கா? துணி தரட்டுமா?" என்று கேட்டார்.